கோழியின் சத்தங்கள்: எது சேதி, எது மனநிலை, எது நோய்

கோழிக்கு 24 வார்த்தை தெரியும், 30 வார்த்தை தெரியும் என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் எதிரே ஒரு பொருளையும் எழுதி வைத்துவிடுகிறார்கள். ‘பக் பக்’ என்றால் பசி, ‘கொக்கரக்கோ’ என்றால் விடிந்துவிட்டது, முட்டையிட்டதும் கத்தினால் பெருமை. இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டின் முன் நின்றால் பத்து நிமிடத்தில் குழம்பிப்போவோம். ஒரே சத்தம் இரண்டு வேறு சந்தர்ப்பங்களில் வரும். ஒரே சந்தர்ப்பத்தில் இரண்டு கோழிகள் இரண்டு விதமாகக் கத்தும்.

அந்த 24 என்ற எண் வெறும் கற்பனை என்றும் சொல்ல முடியாது. வீட்டுக் கோழியின் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழியின் ஒலிகளை நிக்கலஸ் காலியஸ் என்ற பறவையியலாளர் பதிவுசெய்து, 1987இல் தரம்பிரித்து வெளியிட்டார். ஏறக்குறைய இரண்டு டஜன் வகைகள் தேறின. ஆனால் அவர் எண்ணியது ஒலியின் வகைகளைத்தான். அதைச் சொற்களின் எண்ணிக்கையாக மாற்றியது பின்னால் வந்தவர்களின் வேலை.

கோழியிடமிருந்து வரும் சத்தங்களை முதலில் மூன்றாகப் பிரித்துக்கொண்டால் போதும். பெரும்பாலானவை அதன் நிலையைக் காட்டுபவை: அமைதி, அவசரம், எரிச்சல், பயம். மிகச் சில மட்டும் வெளியே உள்ள ஒரு பொருளைச் சுட்டுபவை. மூன்றாவது வகை, குரலே இல்லாதவை. மூச்சுப் பாதையில் கோளாறு வந்ததால் எழும் ஓசைகள்.

எதைக் கேட்க வேண்டும்

சாலையில் ஹாரன் சத்தத்தை நாம் எப்படிப் புரிந்துகொள்கிறோம்? ஹாரனுக்கு ஒரே ஓசைதான். குட்டையாக ஒருமுறை அடித்தால் ‘நான் வருகிறேன்’. நீட்டி அழுத்தினால் கோபம். அடுத்தடுத்து அடித்தால் ஆபத்து. யார் அடித்தது, எங்கே, எந்த நேரத்தில் என்பதையும் சேர்த்துத்தான் பொருள் கொள்கிறோம். கோழியின் சத்தத்தையும் அப்படித்தான் கேட்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை நான்கு: சுருதி உயர்ந்ததா தாழ்ந்ததா, ஓசை நீண்டதா குட்டையா, எவ்வளவு வேகமாகத் திரும்ப வருகிறது, வெட்டெனத் தொடங்குகிறதா, மெல்ல எழுகிறதா. இவற்றோடு உடம்பையும் பார்க்க வேண்டும். கழுத்து நிமிர்ந்திருக்கிறதா, இறகு சிலிர்த்திருக்கிறதா, தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது.

தாழ்ந்த சுருதியில், குட்டையாக, சீரான இடைவெளியில் வருவது அமைதியின் அடையாளம். மண்ணைச் சீய்த்தபடி மேயும் கோழிகள் ‘பக்... பக்... பக்...’ என்று ஓயாமல் முணுமுணுப்பது ‘நான் இங்கேதான் இருக்கிறேன்’ என்று ஒன்றுக்கொன்று தெரிவிக்கும் தொடர்பொலி. புதரும் புல்லும் மறைக்கும் இடத்தில் கூட்டம் சிதறாமல் இருக்க அது போதும். சத்தம் நீண்டு, சுருதி ஏறி, வேகம் கூடினால் ஏதோ அழுத்தம் இருக்கிறது என்று கொள்ளலாம்.

இந்த அடிப்படை வேறுபாடு பழக்கமில்லாத காதுக்கும் பிடிபடும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தார் 2024இல் வெளியிட்ட ஆய்வில், தீனி போன்ற நல்லது ஒன்று வரப்போகிறது என்று எதிர்பார்த்த கோழிகளின் ஒலியையும், எதுவும் கிடைக்காத கோழிகளின் ஒலியையும் மனிதர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். 69 சதவீதத்தினர் சரியாகப் பிரித்துச் சொன்னார்கள். கோழி வளர்த்த அனுபவம் பெரிய வித்தியாசம் எதையும் தரவில்லை.

சத்தம் பிறக்கும் இடம்

மனிதக் குரல் தொண்டையின் மேற்பகுதியில் பிறக்கிறது. கோழிக்கு அந்த இடம் மார்புக்குள் இருக்கிறது. மூச்சுக்குழல் இரண்டாகக் கிளைத்து நுரையீரல்களுக்குள் நுழையும் கவட்டில் மெல்லிய சவ்வுகள் உண்டு; காற்று கடக்கும்போது அவை அதிரும். இந்த உறுப்புக்கு சிரிங்க்ஸ் என்று பெயர். ஓசை அங்கே பிறந்து மூச்சுக்குழல் முழுவதையும் கடந்து வெளியே வருகிறது.  மூச்சுக்குழலில் சளி கட்டினால் குரலே மாறிப்போவதற்கு இதுதான் காரணம்.

இரண்டு ஆபத்து, இரண்டு எச்சரிக்கை

கோழியின் ஒலிகளில் மிக நன்றாக ஆராயப்பட்டவை எச்சரிக்கை ஒலிகள். மேலே பருந்து தெரிந்தால் சேவல் எழுப்புவது ‘ஈஈஈ’ என்று மெல்லிய, நீண்ட, உயர்ந்த சுருதிக் குரல். தரையில் நாயோ கீரியோ வந்தால் எழுப்புவது ‘கட்-கட்-கட்-கடாக்’ என்று வெட்டி வெட்டி வரும் உரத்த குரல். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒட்டாத ஓசைகள்.

கேட்கும் கோழிகள் செய்வதும் வெவ்வேறு. முதலாவதைக் கேட்டால் மறைவை நோக்கி ஓடும், அல்லது இருந்த இடத்திலேயே பதுங்கிச் சிலையாகும். தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் வானத்தைப் பார்க்கும். இரண்டாவதைக் கேட்டால் பதுங்காது. கழுத்தை நீட்டி நிமிர்ந்து நின்று சுற்றிலும் நோட்டமிடும், தானும் சேர்ந்து கத்தும்.

இது வெறும் பயத்தின் அளவில் உள்ள வேறுபாடாக இருக்கக் கூடாதா? கிறிஸ்டோபர் எவன்ஸ், லிண்டா எவன்ஸ், பீட்டர் மார்லர் ஆகியோர் 1993இல் வெளியிட்ட சோதனைகள் இந்தக் கேள்விக்குப் பதில் தந்தன. தலைக்கு மேலே வைத்த திரையில் பருந்தின் உருவத்தைக் காட்டினால் சேவல் முதல் ஒலியை எழுப்பியது. பக்கத்தில் வைத்த திரையில் ராக்கூன் என்ற தரைவாழ் விலங்கைக் காட்டினால் இரண்டாவதை எழுப்பியது. அந்த ஒலிகளைப் பதிவுசெய்து, எந்த விலங்கும் இல்லாத இடத்தில் பெட்டைகளுக்குப் போட்டபோது அவை ஒலிக்கு ஏற்றபடி மேலே பார்த்தன, அல்லது நிமிர்ந்து சுற்றும் பார்த்தன. எழுப்புபவரின் பதற்றத்தைத் தாண்டி, வெளியே என்ன இருக்கிறது என்பதையும் கேட்பவருக்குத் தெரிவிக்கும் இத்தகைய ஒலியைச் சுட்டொலி எனலாம்.

ஏன் ஒன்று மெலிந்து நீள்கிறது, மற்றது வெட்டி வெட்டி வருகிறது? ஓசை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை மூளை கண்டுபிடிப்பது, அது ஒரு காதை எப்போது எட்டியது, மறு காதை எப்போது எட்டியது என்ற மிகச் சிறிய வித்தியாசத்தை வைத்து. அதற்கு ஓசையின் தொடக்கம் கூர்மையாக இருக்க வேண்டும். மெல்லத் தொடங்கி மெல்லத் தேயும் ஒற்றைச் சுருதிக் குரலுக்கு அந்தக் கூர்முனை இல்லை. கத்தியது யார், எங்கிருந்து என்று பருந்துக்குப் பிடிபடுவது கடினம். தரையில் பதுங்கி வரும் பகைக்கோ எதிர்மாறான உத்தி. ‘உன்னைப் பார்த்துவிட்டோம்’ என்று தெரிந்தால் பதுங்கி வருவதில் அதற்குப் பயனில்லை. ஆகவே எல்லாச் சுருதியும் கலந்து, இடம் தெளிவாகத் தெரியும்படி கத்துகிறது கோழி.

தனியாக நிற்கும் சேவல் பருந்தைக் கண்டாலும் பெரும்பாலும் வாயைத் திறப்பதில்லை. பக்கத்தில் கோழிகள் இருந்தால்தான் அதிகம் கத்துகிறது.

நடைமுறைக்கு: முற்றம் சட்டென்று நிசப்தமானால் மேலே பாருங்கள். விடாத கொக்கரிப்பு என்றால் புதர், வேலி, கூட்டின் அடி ஆகியவற்றைப் பாருங்கள். தவறான எச்சரிக்கையும் நிறைய வரும். பறக்கும் காகிதத்துக்கும் விமானத்துக்கும் சேவல் கத்தும். பருந்தை ஒருமுறை தவறவிடுவதைவிட வீணாகப் பத்துமுறை கத்துவது அதற்கு லாபம்.

‘வா, இங்கே இரை இருக்கிறது’

இன்னொரு சுட்டொலி இரையழைப்பு. சேவல் ஒரு புழுவையோ தானியத்தையோ அலகால் எடுத்துப் போட்டு, எடுத்துப் போட்டு, தலையை ஆட்டியபடி ‘டுக்-டுக்-டுக்-டுக்’ என்று விரைவாக அடுக்கும். பெட்டை ஓடிவந்து தின்னும். பிடித்த இரை என்றால் அடுக்கின் வேகம் கூடும்.

இதைப் பதிவிலிருந்து கேட்ட பெட்டைகள் தலையைத் தாழ்த்தித் தரையை உற்றுத் தேடின. சற்று முன்தான் அங்கே தானியம் கிடைத்திருந்த பெட்டைகள் அதே ஒலிக்கு அவ்வளவாகத் தேடவில்லை. அவற்றுக்கு அந்த ஒலியில் புதிய சேதி எதுவும் இல்லை. வெறும் பழக்கத்தால் தலை தாழ்கிறது என்றால் இந்த வித்தியாசம் வந்திருக்காது.

சேவல் எப்போதும் நேர்மையானது என்று நினைத்துவிட வேண்டாம். இரையே இல்லாதபோதும் இந்த ஒலியை எழுப்பிப் பெட்டையைப் பக்கத்தில் வரவழைக்கும். அடிக்கடி ஏமாற்றினால் பெட்டைகள் வருவதைக் குறைத்துக்கொள்கின்றன.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: மேய்ச்சல் முணுமுணுப்பு நிலையைக் காட்டுவது, பருந்தொலி, தரைப்பகை ஒலி, இரையழைப்பு ஆகிய மூன்றும் வெளிப்பொருளைச் சுட்டுபவை. ‘கோழி பேசுகிறது’ என்று சொல்வதற்கு ஓரளவு நியாயம் உள்ள இடம் இந்த மூன்றுதான்.

கூவுவது விடியலை அறிவிக்கவா?

சேவல் வெளிச்சத்தைப் பார்த்துக் கூவுகிறது என்பது பாதி உண்மை. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷிம்முரா, யோஷிமுரா இருவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில் சேவல்களை எந்நேரமும் மாறாத மங்கல் ஒளியில் வைத்தார்கள். விடியல் என்ற ஒன்றே இல்லாத அந்த இடத்திலும் அவை ஏறத்தாழ நாளுக்கு ஒருமுறை, தம் நேரம் வந்ததும் கூவின. உடலுக்குள் வெளிச்சத்தின் துணையில்லாமலே சுமார் 24 மணி நேரச் சுழற்சியில் ஓடும் இந்த ஒழுங்குக்கு உள்கடிகாரம் என்று பெயர். சாதாரண நாளில் வெளிச்சம் வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே கூவத் தொடங்குவது இதனால்தான். வெளிச்சமும் பிற சேவல்களின் குரலும் கூவலைத் தூண்டத்தான் செய்யும். ஆனால் அதே தூண்டுதலுக்கு விடியலை ஒட்டிய நேரத்தில் கிடைக்கும் பதில் மற்ற நேரத்தைவிட வலுவானது.

2015இல் அதே ஆய்வாளர்கள் இன்னொன்றையும் காட்டினார்கள். ஒரே கூட்டத்தில் பல சேவல்கள் இருந்தால் முதலில் கூவுவது தலைச்சேவல். மற்றவை தரவரிசைப்படி அடுத்தடுத்துக் கூவும். தலைச்சேவலை எடுத்துவிட்டால் இரண்டாவது முதலிடத்துக்கு வரும். ஆக, கூவல் என்பது ‘இது என் இடம், நான் இருக்கிறேன்’ என்ற அறிவிப்பு. பகலில் பக்கத்து வளவுச் சேவலுக்குப் பதில் கூவுவதும் அதே கணக்குத்தான்.

பகலில் கூவலைக் குறைக்க வேண்டுமானால் வேறு சேவல் கண்ணிலும் காதிலும் படாமல் வைப்பது ஓரளவு உதவும். இரவில் கூட்டை இருட்டாக்கினால் வெளிச்சத்தின் தூண்டல் போகும், உள்கடிகாரம் போகாது. கூவல் முற்றிலும் நிற்கும் என்று எதிர்பார்த்து இருட்டடிப்பவர்கள் ஏமாந்துபோவது இங்கேதான்.

கூவும்போது ஓசை 100 டெசிபலைத் தாண்டும். சேவலின் காது கெடாமல் இருப்பதற்குக் காரணம், அலகை முழுதாகத் திறக்கும்போது அதன் காதுத் துளை தானே அடைபடுகிறது.

பெட்டைக்கோழி கூவிப் பொழுது விடியுமா என்ற கேள்வி ஒரு பக்கம் இருக்க, பெட்டை கூவுவது உண்டு. சேவல் இல்லாத கூட்டத்தில் தலைமைப் பெட்டை கூவிப் பார்க்கும். கோழிக்கு இடது சூலகம் மட்டுமே வேலை செய்கிறது. அது நோயால் கெட்டால் ஆண் ஹார்மோன் மேலோங்கிக் கூவலும் சேவலைப் போன்ற பெரிய கொண்டையும் வரலாம். முட்டை நின்று கூவல் தொடங்கினால் அந்தக் கோணத்தில் பார்க்க வேண்டும்.

முட்டைக்கு முன்னும் பின்னும்

முட்டையிடும் முன் பெட்டை அங்குமிங்கும் நடந்து கேறும்: ‘க்கேஏஏ... கெக் கெக்’ என்று ஒரு நீண்ட இழுப்பு, தொடர்ந்து சில குட்டை ஓசைகள். வலியால் கத்துகிறது என்று பலர் நினைக்கிறார்கள். நெதர்லாந்தில் நடந்த சோதனைகளில், தீனியைக் கண்ணாடி மூடிக்குள் வைத்து எட்டவிடாமல் செய்தபோதும் கோழிகள் இதே ஒலியை எழுப்பின. அதாவது இது வேண்டியது கிடைக்காத ஏமாற்றத்தின் ஒலி. முட்டையிட நல்ல இடம் தேடும் கோழிக்கும் அந்த நிலைதான்.

சிறிது நேரம் கேறிவிட்டுப் பெட்டிக்குள் போய் அமர்ந்தால் கவலையில்லை. மணிக்கணக்கில் நீண்டால் முட்டைப் பெட்டியைப் பாருங்கள். நான்கைந்து கோழிக்கு ஒரு பெட்டியாவது இருக்கிறதா? அதில் அடைக்கோழி இடம்பிடித்திருக்கிறதா? வெளிச்சம் நேராக விழுகிறதா? அடியில் உண்ணி மொய்க்கிறதா? பெட்டியை ஒதுக்கிவிட்டுத் தரையில் முட்டையிடத் தொடங்குவதற்கு முன்னால் வரும் முறையீடு பெரும்பாலும் இந்தக் கேறல்தான்.

முட்டை அடைத்துக்கொண்ட கோழியோ அதிகம் சத்தம் போடாது. வால் தாழ்ந்து, அமர்ந்து அமர்ந்து எழுந்து, முக்கிக்கொண்டு ஒடுங்கி நிற்கும். இரையாகும் உயிரினம் நோயை மறைக்கும். கோழிக்கு வலியின் அடையாளம் கூச்சலைவிட மௌனமாகவே இருக்கும்.

இட்டு முடித்ததும் வரும் ‘பக்-பக்-பக்-பகாக்!’ வேறு. இது தரைப்பகை ஒலியை மிகவும் ஒத்தது. மற்ற கோழிகளும் சேவலும் சேர்ந்துகொள்வதும் உண்டு. கூட்டத்தை விட்டு ஒதுங்கியிருந்த கோழி ‘எங்கே எல்லாரும்?’ என்று கேட்கிறது என்பது ஒரு கருத்து. சேவலை விலக்கி வைக்க என்பது இன்னொன்று. பெருமை என்பதற்கு யாரிடமும் சான்றில்லை. முட்டை உருவாக 24 மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும் என்பதால் இந்தக் கொக்கரிப்பின் நேரம் நாளுக்கு நாள் கொஞ்சம் பின்னால் தள்ளும். பிறகு ஒருநாள் முட்டையே இராது.

தாயும் குஞ்சும்

பொரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே, முட்டையின் காற்றறைக்குள் அலகை நுழைத்து மூச்சுவிடத் தொடங்கும் குஞ்சு கீச்சிடும். முட்டையைக் காதருகே பிடித்தால் கேட்கும். அடைக்கோழி தாழ்ந்த குரலில் பதில் சொல்லும். இன்குபேட்டரில் முட்டை விரிசல் விட்ட பிறகு குஞ்சு வெளியே வர 12 முதல் 24 மணி நேரம் ஆகலாம். அதற்குள் வரும் கீச்சொலியை உதவி கேட்பதாக எண்ணி ஓட்டை உரித்தால், மஞ்சள்கரு முழுதாக உள்ளிழுக்கப்படாமல் இரத்தக்குழாய் கிழியும்.

குஞ்சுக்கு முக்கியமாக இரண்டு ஒலிகள். சுருதி மேலேறும் மெல்லிய ‘ட்ரிய் ட்ரிய்’ திருப்தியைக் காட்டும். சுருதி மேலிருந்து கீழே விழும் உரத்த ‘கீய்ச்! கீய்ச்!’ துயரத்தைக் காட்டும்: குளிர், தனிமை, பசி. தாய் இல்லாமல் விளக்கின் கீழ் வளர்ப்பவர்களுக்குத் தெர்மாமீட்டரைவிட இது உதவும். முதல் வாரம் குஞ்சின் உயரத்தில் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ், பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைவு என்பது பொதுக் கணக்கு. உரத்த கீச்சொலியோடு விளக்கின் அடியில் குவிந்தால் குளிர்கிறது. விளக்கை விட்டு ஓரத்துக்குப் போய், சிறகை விரித்து, வாய் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினால் காற்று வீசுகிறது. ஒரு குஞ்சு மட்டும் விடாமல் கத்தினால் கூட்டத்திலிருந்து பிரிந்திருக்கும், அல்லது எச்சம் ஒட்டி ஆசனவாய் அடைபட்டிருக்கும், கையிலெடுத்துப் பாருங்கள்.

அடைக்கோழி இறகைச் சிலிர்த்து உறுமுவது சீக்கு இல்லை. கையை எடுக்கச் சொல்கிறது, அவ்வளவுதான்.

குரல் இல்லாத சத்தங்கள்

அடையும் நேரத்தில் கோழிகள் தாழ்ந்த குரலில் முணுமுணுத்துவிட்டு அடங்கும். அதற்குப் பிறகும் விடாமல் புரண்டு முனகினால், டார்ச்சை எடுத்துக்கொண்டு கோழிகள் அமரும் கழியின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பகலில் பிளவுகளில் ஒளிந்திருக்கும் செவ்வுண்ணி இரவில்தான் இரத்தம் குடிக்க ஏறும்.

தும்மல், கொரகொரப்பு, விசில் போன்ற இழுப்பு ஆகியவை கோழி ‘சொல்லும்’ ஒலிகளே இல்லை; மூச்சுப் பாதையில் சளியோ வீக்கமோ இருப்பதால் எழுபவை. பகல் இரைச்சலில் இவை அமுங்கிவிடும். இருட்டி ஒரு மணி நேரம் கழித்து, விளக்கில்லாமல், கூட்டருகே ஐந்து நிமிடம் அசையாமல் நின்று கேளுங்கள். மூச்சோடு சேர்ந்து சீராக வரும் கொரகொரப்பு என்றால் அந்தக் கோழியை அடையாளம் வைத்துக் காலையில் தனியே பிரியுங்கள். மூக்குத் துளை, கண்ணோர வீக்கம், நுரை, நாற்றம் இவற்றைப் பாருங்கள்.

எப்போதாவது ஒரு தும்மல் வந்தால் தூசியாக இருக்கலாம். பல கோழிகள் தும்மினால் முதலில் குனிந்து, கோழியின் உயரத்தில் மூச்சை இழுத்துப் பாருங்கள். அங்கே நெடி ஏறினால் கூட்டின் தரையில் பரப்பிய படுக்கையின் ஈரத்திலிருந்து அமோனியா கிளம்புகிறது. காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்கு அமோனியா இருந்தாலே மூச்சுக்குழலின் உட்சவ்வு பாதிக்கப்படும். படுக்கையை மாற்றி, மேலே காற்றோட்டம் விட்டும் இரண்டொரு நாளில் குறையவில்லை என்றாலோ, தீனியும் முட்டையும் குறைந்தாலோ, அது நோய்.

எந்த நோய் என்பதைச் சத்தத்தால் மட்டும் சொல்ல முடியாது. நியூகாசில் நோயிலும், தொற்று மூச்சுக்குழல் அழற்சியிலும், மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவின் தொற்றிலும் கொரகொரப்பு ஒன்றுபோலவே இருக்கும். முதல் இரண்டும் வைரஸால் வருபவை. கொரகொரப்பைக் கேட்டதும் ஆன்டிபயாடிக் கொடுப்பது அவற்றைத் தொடக்கூட செய்யாது. கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனால் புது இடத்தில் மிரண்டு கோழி அடங்கிப்போகக்கூடும். அதனால் முந்தின இரவே ஃபோனில் அரை நிமிடம் பதிவுசெய்து, எத்தனை கோழிக்கு இருக்கிறது, எப்போது தொடங்கியது என்று குறித்து எடுத்துப்போங்கள்.